புதன்கிழமை, இரண்டாம் பீரியட்

ஏப்ரலிலிருந்து நிலச்சரிவுப் பாடம்
ஆங்கிலத்தில் நடக்கும் என்று
துறைக்கூட்டத்தில் முடிவானது.
யாரும் கை தூக்கவில்லை.
எங்களிடம் அதற்குப் பெயர் சம்மதம்.

பதினேழு வருடமாக இதே கரும்பலகையில்
இதே சரிவை வரைந்துவருகிறேன்.
சாய்கோணம், நீரழுத்தம், மண்ணின் பிடிமானம்.
இப்போது குறிப்பேட்டின் ஓரத்தில்
பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்:
‘இங்கே நிறுத்து. இங்கே சிரி.’
அந்த இடம் வந்ததும்
நான் மட்டும் சிரிக்கிறேன்.

என் மொழியில் வினைச்சொல் கடைசியில் வரும்.
அந்த மலை, ஜூன் மழையில்,
மூன்று வீடுகளுக்கு மேலே, இரவு முழுக்க
என்பது வரை சொல்லிவிட்டு
மூச்சு விடலாம்.
பின்வரிசை வரை முகங்களைப் பார்க்கலாம்.
நின்றதா விழுந்ததா
இன்னும் என் வாய்க்குள்தான் இருக்கிறது.
சரிய என்று தொடங்கி
வில்லை என்று முடித்து
மொத்த மலையையும் பிடித்து நிறுத்திவிடலாம்.

ஆங்கிலத்துக்கு அந்தப் பொறுமை கிடையாது.
மலை என்ற கையோடு சரிந்தது.
அப்புறம்தான் மழை, ஜூன், இரவு, வீடுகள்,
எல்லாம் முடிந்தபின் வந்து நிற்கும்
தீயணைப்பு வண்டிபோல.

மாணவர்கள் பதினாறு பேர்.
பதினைந்து பேர் இந்த ஷிகொகு தீவுக்காரர்கள்,
மிஞ்சிப்போனால் ஒசாகா.
மற்றவள் தொமிங்காஸ், கிழக்குத் திமோரிலிருந்து.
ஆங்கிலம் அவளுக்கு நான்காவது மொழி.
அவளுக்காகத்தான் இதெல்லாம்
என்று நம்பிக்கொண்டிருந்தோம்.

ஒரு புதன்கிழமை அவள் வரவில்லை. காய்ச்சல்.
‘குட் மார்னிங்’ என்றேன்.
பதினைந்து ‘குட் மார்னிங்’ திரும்பி வந்தது.
ஏசி உறுமியது.
வெளியே யுசு மரங்களின் மேல் மழை.
அதுவரை வாயே திறக்காத உமேஹாரா
கை தூக்கி, தட்டுத் தடுமாறி, ஆங்கிலத்திலேயே கேட்டான்:
“சார், இன்றைக்கு யாருக்காக?”

“புதன்கிழமைக்காக” என்றேன்.
யாரோ ஒருத்தி களுக்கென்றாள்.
பிறகு அறை முழுக்கச் சிரிப்பு,
பென்சில் குறி இல்லாத இடத்தில்.

சாக்பீஸைக் கீழே வைத்தேன்.
ஸ்லைடில் இல்லாத ஒன்றைச்
சொந்த மொழியில் சொல்லத் தொடங்கினேன்.
முப்பது வயதில் நான் கையெழுத்துப் போட்ட அறிக்கை.
‘இச்சரிவு தாங்கும்.’
எல்லோரையும் பள்ளிக்கூட ஜிம்முக்கு அனுப்பியாயிற்று.
கதயாமா என்பவர் மட்டும்
அறிக்கையைத்தான் படித்துவிட்டாரே,
கட்டிப்போட்ட நாயை அவிழ்த்துவர
வீட்டுக்குத் திரும்பினார்.
அந்த மலை, விடியற்காலை மூன்றே காலுக்கு,
அவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போது

அவ்வளவுதான்.
வினைச்சொல் வரவில்லை.
காத்திருந்தார்கள்.
மணி அடித்தது.

அடுத்த வாரம் தொமிங்காஸ் வந்தாள்,
முகமூடியோடு.
போன வகுப்பின் குறிப்பு கிடைக்குமா என்றாள்.
ஒவ்வொருவராகத் தலை குனிந்தார்கள்.
உமேஹாராதான் நாற்காலியை இழுத்துப்போட்டு
அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.
நான் ப்ரொஜெக்டர் வயரைத் தேடுவதுபோல்
குனிந்திருந்தேன்.

“விழுந்தது” என்று தொடங்கினான்.
“விழாது என்று சார் எழுதினார். விழுந்தது.
ஒரு ஆள் இறந்தார்.”
இலக்கணம் சரியாகவே இருந்தது.
இருபத்திநான்கு வருடம் நான் வைத்திருந்த வாக்கியத்தை
அந்த மொழி
முதல் மூச்சிலேயே இறக்கி வைத்துவிட்டது.

தொமிங்காஸ் பேனாவை மூடினாள்.
எங்கள் ஊர்ப்பக்கம் பதினோரு வீடுகள் என்றாள்,
கணக்கு ஒப்பிடுவதுபோல.
பிறகு, “நாய்?”

உமேஹாராவுக்குத் தெரியவில்லை.
என்னைத் திரும்பிப் பார்த்தான்.
எல்லோருமே பார்த்தார்கள்.

நாய் பிழைத்தது
என்றேன் ஆங்கிலத்தில்.
எழுவாய், உடனே வினை.
நடுவில் வைக்க எதுவும் இல்லை.

வயர் கிடைத்தது.
ஸ்லைடு முப்பத்தெட்டு:
வடிகால் குழாய்கள், அவற்றின் இடைவெளி.